கரிசல் வீட்டுச் சுவரில் ஒரு ரோசாக் கொடி

சித்திரை மாதத்து நண்பகலில் கோவில்பட்டி வீதிகளில் நடந்தவர்கள் அறிவர்: வீட்டுச் சுவரைத் தொட்டால் கை சுடும். ஊரைத் தாண்டினால், பருத்தியும் உளுந்தும் கம்பும் விளைந்து ஓய்ந்த கரிசல் நிலம், ஒரு முழக்கோல் உள்ளே இறங்குமளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். இத்தகைய ஊரில் வாசற்சுவரின்மேல் மணம் வீசும் ரோசாக் கொடியொன்றை ஏற்றிவிட வேண்டும் என்று சில ஆண்டுகளுக்கு முன்னர் நாம் ஆசை கொண்டபோது, முதல் எதிர்ப்பு நம் இல்லத்திற்குள்ளேயே எழுந்தது.

"குடிக்கிற தண்ணிக்கே குடத்த வரிசையில வைக்கிற ஊர்ல, பூச்செடிக்குத் தண்ணி ஊத்தப் போறீகளாக்கும்?" என்று கேட்டார் நம் அன்னையார். இளமை முழுவதும் தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் குடம் சுமந்தவர் அவர். அக்கேள்வியைப் புறந்தள்ளும் உரிமை நமக்கு இல்லை. தாமிரபரணி ஆற்றின் நீர் சீவலப்பேரியிலிருந்து நெடுந்தொலைவு குழாய்வழி ஏறி இவ்வூருக்கு வந்து சேருகிறது. அதன் ஒவ்வொரு குடமும் உழைப்பால் வந்தது. ஆகவே, "குடிநீரில் ஒரு குவளையும் கொடிக்குச் செல்லாது" என்று அவருக்கு வாக்களித்த பின்னரே மண்வெட்டியைக் கையில் எடுத்தோம்.

வெயில் கொல்லவில்லை, மழை கொன்றது

முதல் செடியை ஆடி மாதத்தில் நட்டோம். நூல்களில் படித்தவாறே இரண்டடி நீளம், அகலம், ஆழம் உள்ள குழி வெட்டி, அதனுள் செம்மண்ணும் எருவும் நிரப்பி, நடுவே செடியை வைத்தோம். ஆவணி, புரட்டாசியின் வெயிலில் அது வாடிவிடுமோ என்று அஞ்சி அஞ்சிக் காத்தோம். வாடவில்லை, தளிர்த்தது, ஒரு மொட்டும் விட்டது. ஐப்பசி மழை பிறந்ததும், இனிக் கவலையில்லை என்று மகிழ்ந்தோம். கார்த்திகை முடிவதற்குள் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. தண்டு அடியிலிருந்து கறுத்தது. பிடுங்கிப் பார்த்தபோது வேர்கள் அழுகி நாறின.

அண்டை வீட்டு அண்ணாச்சி ஒருவர், வாழ்நாள் முழுதும் மானாவாரிப் பருத்தி விதைத்தவர், அக்குழியை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கரிசலுக்குத் தண்ணிய வாங்கத் தெரியும், விடத் தெரியாது. நீங்க குழியா தோண்டுனீக? கிணறுல்ல தோண்டியிருக்கீக!" என்றார்.

அவர் கூறியதில் மண்ணியல் பாடம் முழுவதும் அடங்கியிருந்தது. கரிசல் மண் மிக நுண்ணிய களித்துகள்களால் ஆனது. நீர் பட்டால் அத்துகள்கள் ஊதிப் பெருத்து, இடைவெளிகளை அடைத்துக் கொள்ளும். அதன்பின் நீர் கீழே இறங்குவது மிக அரிது. உலர்ந்தால் சுருங்கி வெடிக்கும். அப்போது மெல்லிய வேர்கள் அறுபடும். இத்தகைய மண்ணில் ஆழக் குழி வெட்டி அதனுள் மட்டும் இளகிய மண்ணை நிரப்பினால், சுற்றுப்புறத்து மழைநீரெல்லாம் அக்குழிக்குள் வந்து தேங்கிவிடும். பருத்திக்கு ஏற்ற நிலம் இது. வேருக்குக் காற்றோட்டம் கேட்கும் ரோசாவுக்கு ஏற்றதன்று.

மேட்டுப்பாத்தியே மருந்து

இதற்குரிய வழியை வேளாண் அறிஞர்கள் பெருநிலங்களுக்காக முன்னரே கண்டுவைத்துள்ளனர். 1972இல் ஐதராபாத்தை அடுத்த பட்டான்சேருவில் நிறுவப்பட்ட இக்ரிசாட் என்னும் பன்னாட்டு வேளாண் ஆய்வு நிலையம், கரிசல் நிலங்களுக்கென அகன்ற மேட்டுப்பாத்தியும் இடையே வாய்க்காலும் அமைக்கும் முறையைப் பரப்பியது. மேட்டில் பயிர் நிற்கும். மிகுந்த நீர் வாய்க்கால் வழியே வடியும். வயலுக்குச் சொன்ன அதே நெறியை நாம் வாசலில் கைக்கொண்டோம்.

மூன்றடிக்கு மூன்றடி இடத்தை ஓரடி ஆழம் மட்டும் கொத்திக் கிளறினோம். அதைச் சுற்றி ஒன்றேகால் அடி உயரத்திற்குக் கற்களை அடுக்கினோம். கற்களிடையே சிமெந்து பூசவில்லை. நீர் கசிந்து வெளியேற வேண்டுமல்லவா? அதனுள் செவல் மண் இரண்டு பங்கு, நன்கு மட்கிய தொழு எரு ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு என்ற அளவில் கலந்து நிரப்பி, இரண்டு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கும் சேர்த்தோம். பாத்திக்கும் சுவருக்கும் இடையே ஒன்றரையடி விட்டோம். இல்லையேல் சுவரில் ஈரம் ஏறும். கிழக்கு நோக்கிய சுவரே இதற்குச் சிறந்தது. காலை வெயில் முழுவதும் கிடைக்கும். பிற்பகல் அனல் தாக்காது. மேற்குச் சுவர் பகலெல்லாம் உண்ட வெப்பத்தை இரவிலும் உமிழ்ந்து தளிரைக் கருக்கிவிடும்.

எந்த ரோசா?

ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக் குடில்களிலிருந்து நீண்ட காம்புடன் வரும் ரோசாக்கள் கண்ணுக்கு விருந்தானவை. ஆனால் முகர்ந்தால் பெரும்பாலும் மணமிராது. நெடுந்தொலைவு பயணம் செய்தும் வாடாதிருக்கவே அவை தேர்ந்தெடுக்கப்பட்டவை. மணம் என்பது மலர் தானே சமைத்துக் காற்றில் விடும் பொருள். அதனைச் சமைப்பதில் பங்கு கொள்ளும் நொதி ஒன்றினைப் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் 2015இல் கண்டறிந்து வெளியிட்டனர். மணமுள்ள ரோசாவில் அந்நொதி மிகுதியாகச் செயல்படுகிறது.

நம் பகுதி இல்லத்தினர்க்கு நாம் பரிந்துரைப்பது, பூக்கடைகளில் உதிரிப்பூவாக விற்கும் பழகிய எட்வர்ட் ரோசாவைத்தான். இதன் வரலாறு சுவையானது. இந்துமாக்கடலில் உள்ள ரீயூனியன் தீவு முன்னாளில் புர்போன் தீவு எனப்பட்டது. தமிழ் மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழும் தீவு அது. அங்கே சீன ரோசாவையும் தமஸ்கு ரோசாவையும் வேலியாக நட்டிருந்தனர். அவ்விரண்டும் இயற்கையாகவே கலந்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு புதிய இனம் தோன்றியது. தமஸ்குவின் மணமும், ஆண்டில் பலமுறை பூக்கும் சீனத்தின் இயல்பும் அதனிடம் ஒருங்கே அமைந்தன. அவ்வினத்தைச் சேர்ந்த 'எதுவார்' என்னும் ரோசாவே நம் நாட்டில் எட்வர்ட் ஆயிற்று. வெப்பம் தாங்கும் இச்செடி இயல்பில் புதர்தான். ஆயினும் வெட்டாமல் விட்டால் நீண்ட கிளைகளை விடும். கட்டி வளர்த்தால் சுவர் ஏறும்.

உண்மையான கொடி ரோசாக்களும் நம் நாட்டுக்குப் புதியவையல்ல. மரவுச்சி வரை ஏறிப் பெரிய மணமலர் பூக்கும் ரோசா கிகாந்தியா என்னும் காட்டினத்தை, சர் ஜார்ஜ் வாட் 1882இல் மணிப்பூர் மலைகளில் கண்டார். ரோசா கிளினோஃபில்லா என்னும் மற்றோர் இந்தியக் காட்டினம் வெப்பமான தாழ்நிலங்களில், நீர்நிலைகளின் ஓரத்திலும் வளர்வது. இந்திய ஆட்சிப் பணியில் இருந்து, பின்னர் கொடைக்கானலில் குடியேறிய எம். எஸ். வீரராகவன், தம் மனைவி கிரிஜாவுடன் இணைந்து, இவ்விரு காட்டினங்களையும் பயன்படுத்தி வெப்ப நாடுகளுக்கேற்ற புதிய ரோசாக்களை உருவாக்கினார். குளிர்நாட்டுச் செடியை வருந்தி வளர்ப்பதைவிட, நம் மண்ணின் உறவை நாடுவதே அறிவு என்பதை அவர்தம் உழைப்பு உணர்த்துகிறது.

எட்வர்ட் செடிக்கு விலை கொடுக்கவும் வேண்டியதில்லை. வளர்த்திருக்கும் வீட்டில் கேட்டு, பென்சில் பருமனுள்ள முற்றிய தண்டினை ஏழெட்டு அங்குல நீளத்தில், ஒரு கணுவுக்குக் கீழே வெட்டி, மூன்றில் இரு பங்கு மண்ணுள் மறையுமாறு நிழலில் நடுக. ஓரிரு மாதங்களில் வேர் பிடிக்கும். நம் இரண்டாம் செடி அவ்வாறு வந்ததே. ஒட்டுச் செடி வாங்குவோர், ஒட்டுக்குக் கீழேயிருந்து எழும் காட்டுத் தளிர்களை உடனுக்குடன் களைய மறவாதீர்கள்.

வளைத்தால் பூக்கும்

ரோசாக் கொடிக்குப் பாகலைப் போன்ற பற்றுக்கம்பி இல்லை; அவரையைப் போலச் சுற்றிக் கொள்வதும் இல்லை. முள்ளால் சாய்ந்து நிற்பதே அதன் இயல்பு. எனவே கட்டிவிடுவது நம் பொறுப்பு. சுவரில் ஆணியடித்து, சுவரிலிருந்து மூன்று அங்குலம் விலகியிருக்குமாறு ஒன்றரையடிக்கு ஒன்றாகக் குறுக்குக் கம்பிகள் இழுத்தோம். பழைய நூற்சேலைக் கிழிசலால் கிளைகளைத் தளர்வாகக் கட்டினோம்.

இங்கேதான் பலர் தவறுகின்றனர். கிளையை நேர்மேலாக ஏற்றினால் நுனியில் மட்டுமே பூக்கும். ஏனெனில் நுனிமொட்டு பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருக்கிறது. இளங்கிளையை முற்றுமுன் பையப் பைய வளைத்துப் படுக்கைவாட்டில் கட்டினால் அவ்வடக்குமுறை தளர்ந்து, கணுதோறும் பக்கக் கிளை எழுந்து பூக்கும். முதல் இரண்டு ஆண்டுகள் கத்தரிக்கோலைத் தொடவே வேண்டாம். அதன்பின்னும், பெருமழை ஓய்ந்த மார்கழியில் காய்ந்தவற்றையும் மிக முதிர்ந்தவற்றையும் மட்டும் நீக்கினால் போதும். ஈரக் காலத்தில் வெட்டினால் வெட்டுவாய் வழியே நுனிக்கருகல் நோய் புகும்.

நீரும் நிறமும்

அன்னையாருக்குக் கொடுத்த வாக்கினை நினைவில் கொண்டு, அரிசியும் பருப்பும் காய்கறியும் கழுவிய நீரை ஒரு வாளியில் சேர்த்தோம். அளந்து பார்த்தபோது நம் வீட்டில் நாளொன்றுக்கு ஐந்தாறு லிட்டர் தேறியது. இரு நாள் நீரைச் சேர்த்து, கோடையில் ஒன்றுவிட்டொரு நாள் மாலையில் ஊற்றுகிறோம். சோப்பு நீரும் உப்பிட்ட நீரும் ஆகா. பாத்தியின்மேல் நான்கு அங்குலத்திற்கு உளுந்தம்பொட்டும் சோளத்தட்டையும் பரப்பியிருப்பதால் ஈரம் காக்கப்படுகிறது. இம்மூடாக்கு இல்லையேல் அந்நீர் போதாது.

ஆழ்குழாய் நீர் உப்பாக இருப்பின் இலையோரம் கருகும். மழைக்காலத்தில் கூரைநீரைப் பாத்தியின்மேல் சிறிது விழச் செய்தால், தங்கிய உப்பு கரைந்து இறங்கும். 2003இல் தமிழகமெங்கும் வீடுதோறும் மழைநீர்ச் சேமிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது அமைத்த குழாய் இதற்கும் பயன்பட்டது.

இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், அது பசியன்று. இரும்புச் சத்துக் குறை. கரிசலின் சுண்ணாம்பும் காரமும் இரும்பை வேர் உண்ண முடியாதவாறு பூட்டிவிடுகின்றன. அன்னபேதி ஐந்து கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்து, சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்து, மாலையில் இலைமேல் தெளிக்கவும். பதினைந்து நாள் இடைவெளியில் இருமுறை தெளித்தால் புதுத்தளிர் பச்சையாக வரும். கோடையில் இலையடியில் செஞ்சிலந்தி சேரும். நீரைப் பீச்சியடித்தால் பெரும்பகுதி அகலும். இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய் ஐந்து மில்லியைச் சிறிது சோப்புக் கரைசலுடன் ஒரு லிட்டர் நீரில் கலந்து தெளிக்கலாம்.

முதல் மலர்

இரண்டாம் செடி மேட்டின்மேல் நின்று அடுத்த கார்த்திகை மழையைத் தாங்கியது. தை மாதத்தில் ஒரு விடியற்காலை, கதவைத் திறந்தபோதே மணம் வந்து எதிர்கொண்டது. ரோசாவின் மணம் விடியலில் மிகுந்து, வெயில் ஏற ஏறக் காற்றில் கலைந்துவிடும். எனவே பறிப்பதாயின் காலையிலேயே பறிக்க வேண்டும். பறித்த இரண்டில் ஒன்று வீட்டுத் தேவதாய் சுரூபத்தின் முன் வைக்கப்பட்டது. மற்றொன்றை அன்னையாரிடம் நீட்டினோம். சிறிது நேரம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டு, நரைத்த கொண்டையில் செருகிக் கொண்டார்.

இப்போது அரிசி களைந்த நீரை வாளியில் சேர்ப்பவர் அவரே. பேரப்பிள்ளைகள் மறந்துபோய் அதனைச் சாக்கடையில் கொட்டினால் அவர்களைக் கடிந்து கொள்பவரும் அவரே. நீரருமை அறியாதோர் வளர்க்கும் பூங்கொடி வீண்செலவாகலாம். அறிந்தோர் வளர்த்தால் அக்கொடியே இல்லத்தாருக்குச் சிக்கனம் பயிற்றும் ஆசானாகிறது.

அன்பான வாசகர்களே, உங்கள் வாசலிலும் மூன்றடி இடம் இருக்கும்; அடுக்களையில் நாள்தோறும் வீணாகும் ஒரு வாளி நீரும் இருக்கும். இவ்வாண்டு குழி வெட்டாதீர்கள், மேடு கட்டுங்கள்.