அம்மீட்டர் முள் சொல்லும் செய்தி

எங்கள் கோவில்பட்டி வட்டாரம் தீப்பெட்டிக்கும் பருத்திக்கும் பெயர் பெற்றது. இவை இரண்டும் எளிதில் தீப்பற்றும் சரக்குகள். ஆகையால், இவற்றை ஏற்றிச் செல்லும் பழைய வண்டியின் மின்கம்பியில் நேரும் குறையைச் சிறு தொல்லையென்று தள்ளிவிடலாகாது.

1947-இல் மகிந்திரா நிறுவனத்தார் நம் நாட்டில் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பு போன்ற பழைய வண்டிகளில் மின்சாரம் தந்தது டைனமோ. எஞ்சின் மெல்ல ஓடுங்கால் அது போதிய மின்சாரம் தராது. பின்னர் வந்த ஆல்டர்னேட்டரோ மெல்ல ஓடும்போதும் தரும். அது உண்டாக்கும் மாறுமின்னோட்டத்தை அதனுள் இருக்கும் டையோடுகள் ஒருதிசை மின்னோட்டமாக்குகின்றன. எனவே பலர் டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டரைப் பூட்டினர். ஆனால் பழைய கம்பியையும் அம்மீட்டரையும் மாற்றாமல் விட்டவர்கள் உண்டு. ஆபத்து பிறப்பது அங்கேதான்.

அம்மீட்டரைக் கண்மாய் மடையில் நிற்கும் நீர்ப்பாய்ச்சிக்கு ஒப்பிட்டு வகுப்பில் நான் விளக்குவதுண்டு. பாட்டரிக்குள் மின்சாரம் புகுந்தால் முள் கூட்டல் குறிப் பக்கம் சாயும். வெளியேறினால் கழித்தல் குறிப் பக்கம் சாயும். மிகுதியான மின்சாரம் இழுக்கும் ஸ்டார்ட்டரின் ஓட்டம் மட்டும் அதன் வழியே செல்வதில்லை.

முதலில், எஞ்சினை நிறுத்தி முன்விளக்கை ஏற்றுக. முள் கழித்தல் பக்கம் சாய வேண்டும். கூட்டல் பக்கம் சாய்ந்தால் அம்மீட்டரின் இரு கம்பிகளும் இடம் மாறியுள்ளன என்று அறிக.

அடுத்து, வோல்ட்மீட்டரால் பாட்டரியை அளக்க. 12 வோல்ட் வண்டியில், நிறைந்த பாட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 காட்டும், எஞ்சின் ஓடுங்கால் 13.8 முதல் 14.4 வரை காட்டும். ஏறவில்லையெனில் முதலில் விசிறி பெல்ட்டின் தளர்ச்சியைப் பாருங்கள். பெல்ட் சரியாயிருந்தால் ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு முனையில் அளந்து பாருங்கள். அங்கும் குறைவெனில் பழுது ஆல்டர்னேட்டரிலோ அதற்குரிய சிறு கம்பிகளிலோ உள்ளது. அங்கே நிறைந்து, பாட்டரியில் அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்திருந்தால், வழியில் எங்கோ தடை உள்ளது. அம்மீட்டரின் திருகுமரைகளையும், கரிசல் மண் அப்பித் துருவேறிய உடல் இணைப்பையும் ஆராய்க.

தளர்ந்த முனையில் தடை மிகும். தடை மிகுந்த இடம் சூடேறும். 30 ஆம்பியர் அளவுள்ள அம்மீட்டர் வழியே அதனினும் மிகுந்த ஓட்டம் சென்றால், முகப்புப் பலகையின் பின்னே கம்பியின் உறை உருகும். ஆதலின், ஆல்டர்னேட்டரிலிருந்து பாட்டரிக்குத் தடித்த கம்பியை, தக்க பியூசுடன், நேரே இழுத்து, அம்மீட்டருக்குப் பதிலாக வோல்ட்மீட்டர் பொருத்துவதே நன்று.

எஞ்சின் ஓடும்போது பாட்டரிக் கம்பியைக் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கத்தை அறவே விடுக, டையோடுகள் எரிந்துபோகும். கம்பிகளில் கை வைக்குமுன் எஞ்சினை நிறுத்தி, பாட்டரியின் உடல் இணைப்பை முதலில் கழற்றுக. வேலை முடிந்தபின் அதனைக் கடைசியில் மாட்டுக.