மலிவுக் காரும் மறைந்திருக்கும் கணக்கும்

ஏப்ரல் மாதம் நெருங்கினால் எமது பெல்மதுளைச் சந்தியில் வாலிபர்களின் பேச்சு மாறிவிடும். நுவரெலியா வசந்த காலம், 1934இல் ஆரம்பமான மஹகஸ்தோட்ட மலையேற்றக் காரோட்டம், தியத்தலாவையின் பொக்ஸ் ஹில் என்று கதை நீளும். கடைசியில், "நாங்களும் ஒரு சின்னக் காரை எடுத்து ரெடி பண்ணினால் என்ன?" என்ற கேள்வியில் வந்து நிற்கும். கேட்பவர் பிள்ளை. பணம் கொடுப்பவர் வாப்பா. ஆகவே இது வியாபாரப் பக்கத்துக்குரிய விடயம்தான்.

ஆசையில் பிழை இல்லை. இரவு பத்து மணிக்குப் பின் இரத்தினபுரி வீதியில் பந்தயம் ஓடுவதைவிட, விதிகளும் மேற்பார்வையும் உள்ள களத்தில் ஓடுவது எவ்வளவோ மேல். அதற்குக் கோடீஸ்வரனாக இருக்கவும் தேவையில்லை. எமது நாட்டுப் போட்டிகளில் பழைய மினி, 1000 சீசீ வரையான நிசான் மார்ச், 1300 சீசீ ஃபோர்ட் லேசர், மஸ்டா ஆகிய கார்களுக்கெனத் தனிப் பிரிவுகள் நடத்தப்பட்டு வந்திருக்கின்றன. கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவர்தன், சந்தைக்கும் பாடசாலைக்கும் போகும் மாருதி 800 காரின் எஞ்சினை வைத்தே பந்தயக் கார்களைக் கட்டினார். அந்த ஃபோர்முலா மாருதி ஓட்டத்தில் பழகிய நரேன் கார்த்திகேயன்தான் 2005இல் ஃபோர்முலா 1 போட்டியில் ஓடிய முதல் இந்தியர்.

வாங்கும்போதே இலாபம்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை எங்கே போனது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். எனவே "மலிவுக் கார்" என்ற சொல்லை முதலில் சந்தேகியுங்கள்.

கல் வாங்குகிறவர் டோர்ச் அடித்து உள்ளே பார்க்காமல் விலை பேசுவாரா? காரையும் அப்படியே பாருங்கள். எஞ்சின் புகை தள்ளினால் செய்து கொள்ளலாம். சேசி இரும்பு துருப்பிடித்திருந்தால் விட்டுவிடுங்கள். எமது மழைப் பிரதேசத்தில் ஓடிய வண்டிகளின் தரைத்தகடு, கதவின் கீழ்விளிம்பு, முன் சஸ்பென்ஷன் பொருத்தும் இடம் ஆகிய மூன்றையும் கட்டாயம் பார்க்க வேண்டும். பெயின்ட் அழகைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். முதல் ஓட்டத்திலேயே அது போய்விடும்.

இன்னொன்று. லீசிங்கில் இருக்கும் காரில் கை வைக்க வேண்டாம். பதிவுப் புத்தகத்தில் முழு உரித்தாளராக லீசிங் கம்பனியின் பெயர் இருக்கும்போது, அந்தக் காரை வெட்டுவது அடுத்தவன் சொத்தை வெட்டுவதாகும்.

எதற்கு முதலில் செலவு?

வாலிபர்கள் முதலில் ஓடுவது எஞ்சின் பாஸிடம். அது தலைகீழ் வரிசை. மாருதி 800 காரை எடுத்துக்கொள்ளுங்கள். 796 சீசீ, மூன்று சிலிண்டர், 40 குதிரை வலுவுக்கும் குறைவு, எடை ஏறத்தாழ 650 கிலோ. பின் இருக்கை, கம்பளம், தேவையற்ற உள் அலங்காரம் என்று 65 கிலோவைக் கழற்றினால் எடையில் பத்திலொன்று குறைந்துவிடும். அதற்குச் செலவு ஒரு ஸ்பானரும் ஒரு நாள் வேலையும்தான். அதே பலனை எஞ்சினில் காண எத்தனை ஆயிரம் போக வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது பிரேக். புதிய ஷூ, பேட், ஹோஸ், புதிய பிரேக் ஒயில். பழைய பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியிருக்கும். சூடேறும்போது அது கொதித்து, பெடல் கால் போன இடத்துக்குப் போகும். பிறகு போல் ஜொயின்ட், புஷ், வீல் பெயாரிங், ரேடியேட்டர், நல்ல டயர். இவையெல்லாம் முடிந்த பிறகு பணம் மிஞ்சினால் எஞ்சினைத் தொடலாம்.

நான் விற்காத குழாய்

சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பி வந்து, "நானா, ஒன்றரை அங்குல ஜீ.ஐ. பைப் நாலு லென்த் வேணும்" என்றார். வீட்டுக்குத் தண்ணீர் இழுக்கவா என்று கேட்டேன். "இல்ல நானா, காருக்குள்ள கூடு அடிக்க" என்றார்.

கார் புரண்டால் கூரை நசுங்காமல் ஓட்டுநரைக் காப்பது அந்த இரும்புக் கூடுதான். தண்ணீர்க் குழாய் தண்ணீருக்குச் செய்யப்பட்டது. அடி விழும்போது அது எப்படி மடியும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. நாகப் பூச்சோடு வெல்டிங் அடித்தால் வரும் புகை பாஸுக்கும் கேடு. சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் விதி, தையல் இல்லாமல் குளிர்முறையில் இழுத்த உருக்குக் குழாயைக் கேட்கிறது. பிரதான வளைவுக்கு 45 மில்லிமீற்றர் விட்டமும் 2.5 மில்லிமீற்றர் கனமும், அல்லது 50க்கு 2 இருக்க வேண்டும். அடியில் 3 மில்லிமீற்றர் தகடு, குறைந்தது 120 சதுர சென்ரிமீற்றர். இவ்வளவையும் ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்து, "இந்தச் சாமான் கொழும்பில் தேடுங்க தம்பி, இது என்னிடம் இல்லை" என்று அனுப்பினேன். அன்றைய வியாபாரத்தில் நாலு லென்த் குறைந்தது. குறையட்டும்.

ஹெல்மெட், ஆசனப் பட்டி, தீயணைப்புக் கருவி, வெளியிலிருந்தே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் ஆகியவற்றிலும் பேரம் பேசும் இடமில்லை. அங்கீகாரம் பெற்ற பந்தயப் பட்டிக்கு ஐந்து வருடக் காலக்கெடு உண்டு. தேதி முடிந்த பட்டி மலிவாகக் கிடைத்தால், ஏன் மலிவு என்று யோசியுங்கள்.

இரண்டு கணக்குப் புத்தகம்

அமெரிக்காவில் 2006இல் தொடங்கிய ஒரு மலிவுக் கார்ப் பந்தயம் உண்டு. காரின் பெறுமதி 500 டொலரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஒவ்வொரு 10 டொலருக்கும் ஒரு சுற்று தண்டனை. ஆனால் கூடு, ஆசனம், பட்டி, பிரேக், டயர் போன்றவை அந்த 500இல் சேராது. வியாபாரிகளான நமக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா? காருக்கு ஒரு கணக்கு, உயிருக்கு ஒரு கணக்கு. ஒன்றில் மிச்சம் பிடிக்கலாம். மற்றதில் கை வைக்கக் கூடாது.

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து செய்வதானால், மாணிக்கக் குழியில் பங்கு பிரிப்பதுபோல் முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். கார் யார் பெயரில், கராஜ் யாருடையது, நொறுங்கினால் யார் பொறுப்பு? எழுதாத கூட்டு நட்பையும் சேர்த்து நொறுக்கும். சாதாரண மோட்டார் காப்புறுதி பந்தயச் சேதத்துக்குப் பணம் தருவதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். நுழைவுக் கட்டணம், காரை ஏற்றிச் செல்லும் லொறிக்கூலி, எண்ணெய், டயர் இவை ஒவ்வொரு போட்டிக்கும் திரும்பத் திரும்ப வரும் செலவு. அதைக் கடைக் கல்லாவிலிருந்து எடுப்பதானால் அது விளையாட்டல்ல, முதலைத் தின்பது.

பார்ப்பவர்களுக்கும் பொறுப்பு

2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் போட்டியில், பாதையை விட்டு விலகிய கார் பார்வையாளர்கள் நின்ற பக்கம் பாய்ந்தது. 7 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒரு சிறுமியும் இருந்தாள். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அவர்கள் யாரும் ஓட வந்தவர்கள் அல்லர். ஆகவே பிள்ளை காரைப் பற்றிப் பேச வரும்போது, களத்தைப் பற்றியும் கேளுங்கள். தடுப்பு எங்கே, ஜனங்கள் எவ்வளவு தூரத்தில் நிற்பார்கள், அம்புலன்ஸ் உண்டா? உங்கள் குடும்பம் பார்க்கப் போனாலும் வளைவின் வெளிப்பக்கத்தில் நிற்க வேண்டாம்.

மகன் காருக்குப் பணம் கேட்டால் உடனே ஓம் என்றும் சொல்ல வேண்டாம், இல்லை என்றும் சொல்ல வேண்டாம். போட்டி விதிக்கோவையை வாங்கி வந்து, செலவுப் பட்டியலைத் தன் கையால் எழுதித் தரச் சொல்லுங்கள். பட்டியலின் முதல் வரியில் பிரேக் இருந்தால் உட்கார்ந்து பேசுங்கள். சைலன்சர் இருந்தால், இன்னும் ஒரு வருடம் கடையில் நிற்கட்டும்.