கழுவும்போது தெரிகிற கீறல்

மண்சட்டியில் விரிசல் இருப்பது குழம்பு கொதிக்கும்போது தெரிந்தால் குழம்பும் போச்சு, அடுப்பும் அணைஞ்சு போச்சு. கழுவும்போதே விரலில் தட்டுப்பட்டிருந்தால் சட்டியை மட்டும் மாற்றியிருக்கலாம். மண்பாதையில் ஓட்டும் சிறிய பைக்குக்கும் நான் இந்த முறையைத்தான் வைத்திருக்கிறேன். என்னுடையது ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200. 199.6 சிசி, முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 18. ஓட்டிவிட்டு வந்த அன்றே கழுவிவிடுவேன். சேறு போவது பாதி லாபம்தான். துணி போகிற இடத்துக்கெல்லாம் கையும் கண்ணும் கூடவே போகின்றன, அது மீதிப் பாதி.

சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் கிலோமீட்டர் கணக்கு தார்ரோட்டுக்குப் போட்டது. கிரைண்டர் வாங்கி எத்தனை வருஷம் என்று கேட்டால் கல் தேய்ந்திருப்பது தெரியாது, எத்தனை படி அரிசி அரைத்தது என்று கேட்க வேண்டும். புழுதியில் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும், பாதி கிளட்சில் ஓடிய நாற்பது கிலோமீட்டர், நெடுஞ்சாலையின் நாற்பதாக ஆகாது. அதனால் நான் ஓட்டத்தைத்தான் எண்ணுகிறேன்.

முதலில் ஏர் ஃபில்டர். பித்தளைக் குடத்தை மணல் போட்டுத் துலக்கினால் பளபளக்கும். ஒவ்வொரு தடவையும் மெல்லிய ஒரு தோல் உரிந்து போவதால் வரும் பளபளப்பு அது. எஞ்சினுக்குள் போகும் புழுதியும் சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் அப்படியே துலக்கும். கொஞ்ச நாளில் புகை வரும், ஆயில் குறையும், இழுவை போகும். செலவு பிடிக்கிற கோளாறுகளில் பாதி இந்த ஒரு டப்பாவில்தான் தொடங்குகிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது, அழுக்கானால் மாற்ற வேண்டியதுதான். மண்பாதைக்கென்றே செய்த பல பைக்குகளில் ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருக்கும். அதன் துளைகள் புழுதியைவிடப் பெரியவை. பிறகு எப்படிப் பிடிக்கிறது? அடுக்களை எக்ஸாஸ்ட் ஃபேனைப் பாருங்கள். தாளிப்புப் பிசுக்கு படிந்த இறக்கையில் தூசி ஒட்டினால் ஊதினாலும் போகாது. ஸ்பாஞ்சில் தடவும் ஃபில்டர் ஆயில் அந்தப் பிசுக்கின் வேலையைச் செய்கிறது. வளைந்து வளைந்து போகும் காற்று சுவரில் மோதும்போது தூசி ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் தடவாத ஸ்பாஞ்ச் சும்மா ஒரு சல்லடைதான். கழுவுவதற்குப் பெட்ரோல் வேண்டாம், ஒட்டு விட்டுப்போகும், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. அதற்கென விற்கும் கிளீனர் போதும். முறுக்கிப் பிழியாமல் அமுக்கிப் பிழிந்து, நிழலில் உலர்த்தி, எண்ணெய் தடவ வேண்டும்.

ஃபில்டரைக் கழற்றியதும் நான் தவறாமல் செய்வது ஒன்று உண்டு. அதற்குப் பின்னால், எஞ்சின் பக்கமாகப் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பேன். துணி வெள்ளையாகவே வந்தால் நிம்மதி. பழுப்புக் கோடு விழுந்தால் புழுதி எங்கோ வழி கண்டுபிடித்துவிட்டது. அநேகமாக ஃபில்டரின் விளிம்பு சரியாக உட்கார்ந்திருக்காது.

எஞ்சின் ஆயில், வடை சுட்ட எண்ணெய் மாதிரி. சூட்டிலும் துகளிலும் கறுத்து, வழவழப்பு குறையும். வண்டியை நேராக நிறுத்தி அளவைப் பார்க்க வேண்டும், சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருந்தால் தப்புக் கணக்கு வரும். ஓடையைக் கடந்த பிறகு ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஸ்டார்ட் பண்ணவே கூடாது.

செயினுக்கு வெட் கிரைண்டரின் பெல்ட்டைச் சொல்லலாம். இறுக்கினால் மோட்டார் சூடாகும், தளர்ந்தால் நழுவும். ஆனால் கிரைண்டரில் இரண்டு சக்கரங்களும் அசையாமல் இருக்கின்றன. பைக்கில் பின்சக்கரம் பள்ளத்தில் விழுந்து மேலேறும்போது இரண்டு பல்சக்கரங்களுக்கும் நடுவே உள்ள தூரம் கூடுகிறது. நிறுத்தியிருக்கும்போது இறுக்கமாக இருக்கும் செயின், அந்த நொடியில் கியர்பாக்ஸ் பேரிங்கையே பிடித்து இழுக்கும். மண்பாதை வண்டியின் செயின் கொஞ்சம் தொங்கித்தான் இருக்க வேண்டும், எவ்வளவு என்பது அந்தந்த வண்டியின் புத்தகத்தில் இருக்கும். எஞ்சினை ஓடவிட்டுச் செயினைத் துடைக்கவே கூடாது. துணியைப் பல்சக்கரம் பிடித்தால் விரலும் கூடவே போகும்.

சந்தையில் பானை வாங்கும்போது பாட்டி விரல் மடக்கித் தட்டுவாள். கணீரென்றால் நல்ல பானை, சொத்தென்றால் கீறல். ஸ்போக் கம்பிகளையும் அதே மாதிரி சின்ன ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுகிறேன். டிங், டிங், டிங் என்று வந்துகொண்டிருக்கும்போது ஒன்று மட்டும் டப் என்றால் அது தளர்ந்திருக்கிறது. அதன் சுமையைப் பக்கத்துக் கம்பிகள் தாங்கும், பிறகு அவையும் தளரும். அப்படியே டியூபின் வால்வையும் பாருங்கள். நேராக நிற்காமல் சாய்ந்திருந்தால் காற்று குறைந்து, டயர் ரிம்மின் மேல் நழுவியிருக்கிறது. அப்படியே ஓட்டினால் வால்வு அடியோடு பிய்ந்துவிடும்.

டிஸ்க் பிரேக்கின் ஆயிலை நினைத்தால் எனக்கு அப்பளம்தான் ஞாபகம் வரும். டப்பா மூடி சரியில்லாவிட்டால் மழைக்காலத்தில் அப்பளம் நமத்துப்போகிறது. பிரேக் ஆயிலும் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்லக் குடிக்கும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் நிற்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு தரநிலை எதிர்பார்ப்பது 155 டிகிரிதான். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை விடாமல் பிடித்து இறங்கினால் காலிப்பர் எவ்வளவு சூடாகும் என்று நினைத்துப் பாருங்கள். ஆயில் கொதித்தால் ஆவி வரும், ஆவி அமுங்கும். லீவர் கைப்பிடி வரை வந்து ஒட்டிக்கொள்ளும், வண்டி நிற்காது. ஆயில் கறுத்திருந்தாலோ இரண்டு வருஷம் ஆகியிருந்தாலோ மாற்றிவிடுங்கள். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

போல்ட், விளக்கு, ஃபோர்க் சீலில் எண்ணெய்க் கசிவு, இவையெல்லாம் துடைக்கும்போதே கண்ணில் பட்டுவிடும்.

கிளம்பும் முன், எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு ஹேண்டில்பாரை இடக்கோடி வரை, பிறகு வலக்கோடி வரை திருப்புவேன். சத்தம் மாறக் கூடாது. திருப்பும்போது எஞ்சின் உறுமினால் ஆக்சிலரேட்டர் கேபிள் எங்கோ இழுபடுகிறது. அன்றைக்கு ஸ்டாண்டைப் போட்டுவிட்டு, டேங்க் பக்கம் கேபிள் எங்கே சிக்கியிருக்கிறது என்று தேட உட்கார்ந்துவிடுவேன்.