முதலில்லா முதலாளி

ஆலை அதிபர்கள் பத்திரிகை நடத்துவதுண்டு, கோடீசுவரர்களும் நடத்துவதுண்டு. லாபம் வந்தால் பெட்டியிலே. நட்டம் வந்தால் வரிக்கணக்கிலே! இன்று நாம் காணப்போவது வேறு வகைப் பத்திரிகை முதலாளி. முதலே இல்லாத முதலாளி! பிழைக்க வந்த குடும்பத்துப் பெண், சலவைச் சாலையிலே பாடுபட்டவர், சிறை கண்டவர், நாடு கடத்தப்பட்டவர். கிளாடியா ஜோன்ஸ் அவர் பெயர்.

1915-இல், பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த டிரினிடாட் தீவிலே பிறந்தார். உலகச் சந்தையிலே கொக்கோ விலை சரிந்தது. அவர் வீட்டிலே அடுப்பும் அணைந்தது. 1924-இல் குடும்பம் நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதிக்கு வந்து சேர்ந்தது. வந்த இடத்திலே வாழ்வா காத்திருந்தது? ஆடைத் தொழிற்சாலையிலே உழைத்த தாயார், இயந்திரத்தின் முன்பே உயிர் துறந்தார், வயது 37! மகளுக்கு 17 வயதிலே காசநோய்.

நோய் நெஞ்சை அரித்தது. நெஞ்சுரத்தை அரிக்க முடியவில்லை. 1936-இல் இளம் கம்யூனிஸ்டுகள் கழகத்திலே சேர்ந்தார். எழுதினார், ஏடுகளுக்கு ஆசிரியரானார், மேடை ஏறினார். கறுப்பினப் பெண், தொழிலாளி என்றும், கறுப்பர் என்றும், பெண் என்றும் மும்முறை சுரண்டப்படுகிறாள் என்று எடுத்துக்காட்டினார். பேச்சும் எழுத்தும் குற்றமாயின! 1951-இல் ஸ்மித் சட்டத்தின்கீழ்க் கைது, 1955-இல் சிறை, அந்த ஆண்டு டிசம்பரிலேயே நாடு கடத்தல். பிறந்த தீவின் பிரிட்டிஷ் கவர்னரும் அவரை ஏற்க மறுத்தார். லண்டன் சென்றார்.

லண்டனிலே என்ன கண்டார்? போரிலே நொறுங்கிய நாட்டைத் தூக்கி நிறுத்த, 1948 முதல் கரீபியத் தீவுகளிலிருந்து தொழிலாளர் கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்தனர். பஸ் ஓட்ட அவர்கள் வேண்டும். மருத்துவமனையிலே பணிபுரிய அவர்கள் வேண்டும். குடியிருக்க மட்டும் வீடு இல்லை! ‘கறுப்பருக்கு இடமில்லை’ என்று வாசலிலே அட்டை தொங்கிற்று. அவர்கள் குறையைச் சொல்ல ஏடு வேண்டாமா?

1958 மார்ச்சிலே பிறந்தது ‘வெஸ்ட் இண்டியன் கெசட்’. பிரிக்ஸ்டன் பகுதியிலே ஒரு கடையின் மேல்மாடிதான் அலுவலகம். ஆசிரியர் அவரே. கடன்காரருக்குப் பதில் சொல்பவரும் அவரே! ஆப்பிரிக்க, ஆசிய மக்களின் செய்திகளையும் ஏட்டின் தலைப்பிலேயே சேர்த்துக்கொண்டார்.

சில திங்களிலே சோதனை வந்தது. 1958 ஆகஸ்டு இறுதியிலே நாட்டிங் ஹில் பகுதியிலே வெள்ளை இளைஞர் கும்பல்கள் கறுப்பர்களைத் தேடித் தேடித் தாக்கின. அம்மையார் அழுதாரா? அஞ்சி ஓடினாரா? இல்லை. 1959 ஜனவரி 30-ஆம் நாள், கடுங்குளிரிலே, செயின்ட் பாங்கரஸ் நகர மண்டபத்திலே கரீபியத் திருவிழா நடத்தினார்! ஆட்டமும் பாட்டும் முழங்கின, பி.பி.சி. ஒளிபரப்பிற்று. விழா மலர் விற்ற பணத்திலே ஒரு பகுதி எதற்குத் தெரியுமா? கலவரத்திலே தண்டிக்கப்பட்ட இளைஞரின் அபராதத்தைக் கட்டுவதற்கு. கறுப்பருக்கு மட்டுமல்ல, வெள்ளையருக்கும்! பகை வளர்ப்பது ஒரு முறை. பகைக்கு வேர் எது என்று காட்டுவது இன்னொரு முறை. அவர் இரண்டாவதைத் தேர்ந்தார்.

குடியேறுவோரைத் தடுக்கும் 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து ஏடு போரிட்டது. ஆனால் கடன் விடவில்லை, நோயும் விடவில்லை. 1964 டிசம்பரிலே, 49-ஆம் வயதிலே, தனி அறையிலே மறைந்தார். ஹைகேட் கல்லறையிலே கார்ல் மார்க்சின் பக்கத்திலே துயில்கிறார். 2008-இல் பிரிட்டிஷ் அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தலை வெளியிட்டது. வாழ்ந்தபோது வாடகைக்கே வழியில்லை. மறைந்தபின் அஞ்சல் தலை!

தோழர்களே, ஒன்றை மறக்கலாகாது. அவர் மறைந்த சில திங்களிலே ஏடும் நின்றுவிட்டது. ஏன்? கருத்து தோற்றதாலா? இல்லை. ஒரு பெண்ணின் நலிந்த தோள்மீதே பாரமெல்லாம் இருந்தது; தோள் சாய்ந்தது, பாரமும் சரிந்தது. கோடீசுவரரின் ஏட்டை விளம்பரம் காக்கும். பாட்டாளியின் ஏட்டைக் காப்பது யார்? தேநீர்க் கடையிலே ஓசியாகப் படித்துவிட்டு, ‘நன்றாக எழுதியிருக்கிறான்’ என்று பாராட்டுவோரா? சந்தா கட்டுவோரும், பிரதி சுமந்து விற்போருமன்றோ!

அந்த அம்மையாரைப் போற்றுவது எளிது. அவருக்குத் தோள் கொடுக்க ஆள் போதாமற் போனதே, அதை எண்ணிப் பாருங்கள்.