எஞ்சினில்லாமல் ஒரு வான்பயணம்

உச்சி வெயிலில் பருந்து ஒன்று சிறகை அசைக்காமலே வட்டமிட்டு மேலே செல்வதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அந்த வித்தையை மனிதனும் கற்றுக்கொண்டான். அதற்கு அவன் அமைத்த ஊர்தியே கிளைடர். இதற்கு எஞ்சின் கிடையாது. நீண்டு மெலிந்த இறக்கைகளே இதன் பலம்.

இங்கிலாந்தில் டன்ஸ்டபிள் குன்றுகளின் அடிவாரத்தில், 1930-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற லண்டன் கிளைடிங் கிளப் உள்ளது. கோடைக் காலத்தில், வானிலை நன்றாயிருக்கும் நாட்களில், உறுப்பினர்கள் இங்கிருந்து நெடுந்தூரம் பறக்கப் புறப்படுகின்றனர். தரையிலுள்ள விஞ்ச் என்னும் பொறி நீண்ட வடத்தை வேகமாகச் சுற்றி இழுக்கும். கிளைடர் பட்டம் போல் சில நூறு மீட்டர் உயர்ந்ததும் வடம் கழற்றிவிடப்படும். பின்னர் அதைத் தாங்குவது காற்று மட்டுமே.

கிளைடர் எந்நேரமும் மெல்ல இறங்கிக்கொண்டுதான் இருக்கும். அப்படியானால் அது உயர்வது எப்படி? வெயிலால் சூடேறிய நிலம் தன்மேல் உள்ள காற்றைச் சூடாக்குகிறது. வெப்பக் காற்று இலேசானதால் மேலெழுகிறது. கிளைடர் இறங்கும் வேகத்தைவிடக் காற்று எழும் வேகம் மிகுதியானால், அதனுள் வட்டமிடும் கிளைடரும் உயர்கிறது. இக்காற்றைக் கண்ணால் காண முடியாது. ஆனால் அதன் உச்சியில் பஞ்சுப் பொதி போன்ற மேகம் திரள்வதுண்டு. அதுவே விமானிக்கு அடையாளம். ஒரு மேகத்தின் கீழ் உயரம் பெற்று, அடுத்த மேகத்தை நோக்கிச் சறுக்கிச் செல்கிறார். இக்காலத்து நல்ல கிளைடர் ஒன்று, அசையாத காற்றில், 1 கி.மீ. உயரத்திலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தூரம் செல்லும்.

ஆயினும் அடுத்த மேகத்தின் கீழ் காற்று எழாமற் போகலாம். எனவே விமானி உயரம் மிச்சமிருக்கும்போதே, அறுவடை முடிந்த வயலொன்றைப் பார்த்து வைத்துக்கொள்கிறார். வேறு வழியில்லையெனில் அங்கே இறங்குகிறார். நண்பர்கள் டிரெய்லருடன் வந்து, இறக்கைகளைக் கழற்றி ஏற்றிச் செல்வர். இதை எவரும் தோல்வியாகக் கருதுவதில்லை. வயலைத் தேடாமல் மேகத்தையே நம்பியிருப்பதுதான் ஆபத்து.

இக்கலையில் பெண்களும் சிறந்து விளங்குகின்றனர். இரண்டாம் உலகப் போரில் போர் விமானங்களைத் தளங்களுக்கு ஓட்டிச் சென்று சேர்த்த ஆங்கிலேயப் பெண்மணி ஆன் வெல்ச், 1961-இல் போலந்திலிருந்து கிளைடரில் 528 கி.மீ. தூரம் பறந்தார்.

தோழியரே! ஞானோபதேச வகுப்பில் நாம் கற்கும் தலையான புண்ணியங்களுள் விவேகமும் திடமும் உண்டு. பழகிய நிலத்தை விட்டுச் செல்லத் திடம் வேண்டும். இறங்குமிடத்தை முன்னரே தெரிந்துகொள்ள விவேகம் வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் கிளைடர் பத்திரமாக வீடு திரும்பாது. பள்ளியை விட்டுப் பரந்த உலகிற்குள் செல்லவிருக்கும் நமக்கும் இவ்விரண்டையும் இறைவன் அருள்வாராக!