கரிசலிலிருந்து கோல்ப் மைதானம் வரை

இடைசெவலில் கோல்ப் ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது துரைமார் ஆட்டமல்லவா, நமக்கென்ன?" என்று கேட்பார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. கு. அழகிரிசாமியையும் கி. ராஜநாராயணனையும் 1923-ஆம் வருஷத்தில் தமிழுக்கு அளித்த அந்தச் சிற்றூரில் கதைக்குப் பஞ்சமில்லை, தண்ணீருக்குத்தான் பஞ்சம். மழை பெய்தால் கரிசல் மண் காலைக் கவ்விக்கொள்ளும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்பு ஒன்றில் கோல்ப் பந்து விழுந்துவிட்டால், அதை அடுத்த உழவின்போதுதான் கண்டெடுக்க முடியும்!

ஆட்டம் என்னவோ எளியதுதான். பரந்த புல்வெளியில் 18 குழிகள். ஒவ்வொன்றின் வாயும் நாலேகால் அங்குல அகலம். சிறு பந்தைக் கோலால் அடித்து, ஒவ்வொரு குழியாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஆட்டக்காரர் 14 கோல்கள் வரை கொண்டுபோகலாம். எவர் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவருக்கே வெற்றி. அதிகம் அடித்தவன் தோற்கும் ஆட்டம் உலகத்தில் சிலவே. அவற்றில் இது ஒன்று.

சரி, கோவில்பட்டிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டாமல் இந்த ஆட்டத்தை ஆட விரும்பினால் எங்கே போவது?

முதலில் கொடைக்கானல். மதுரைக்குப் போய், வத்தலக்குண்டு வழியாக மலையேற வேண்டும். அங்குள்ள கோல்ப் கிளப் 1895-இல் தொடங்கப்பட்டது. சுமார் 7,000 அடி உயரத்தில், மேடும் பள்ளமுமாக அமைந்த மைதானம். காட்டுமாடுகள் மந்தையாக வந்து புல்லை மேய்ந்துகொண்டு நிற்பது உண்டு. அவை எந்தக் கிளப்பிலும் சந்தா கட்டியதில்லை; ஆயினும் அவை விலகும் வரையில் காத்திருப்பதே புத்திசாலித்தனம்.

அடுத்தது நீலகிரி. உதகமண்டலத்தில் ஜிம்கானா கிளப்பின் மைதானமும், குன்னூருக்கு அருகே வெலிங்டனில் 1873-இல் தோன்றிய ஜிம்கானா கிளப்பின் மைதானமும் இருக்கின்றன. வெலிங்டன் இராணுவத்தார் வாழும் இடமாகையால், அங்கே நுழைய வேண்டிய விதிகளை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. மலைமேல் காற்று லேசானது. ஆகவே சமவெளியில் போகும் தூரத்தைவிடப் பந்து 100-க்கு 8 பங்கு போல் கூடுதலாகப் பறக்கும். அதைத் தம் புஜபலம் என்று நினைத்துக்கொண்டு ஊர் திரும்புகிறவர்களும் உண்டு.

சமவெளியில் கோயமுத்தூருக்கு அருகே செட்டிபாளையத்தில் ஒரு மைதானம். சென்னையில் நந்தனத்தில் காஸ்மாபாலிடன் கிளப்பின் மைதானம். கிண்டி குதிரைப் பந்தயத் திடலுக்கு உள்ளேயும் ஜிம்கானா கிளப்பார் நெடுங்காலம் ஆடி வந்தார்கள். 2024 செப்டம்பரில் ஸர்க்கார் அந்தப் பந்தயத் திடலின் குத்தகையை ரத்துச் செய்து, சுமார் 160 ஏக்கர் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. விவகாரம் நீதிமன்றத்துக்கும் போயிற்று. பழைய பட்டியலை நம்பி மூட்டை கட்டக் கூடாது என்பதற்கு இதுவே சாட்சி.

எனவே புறப்படுமுன் சில கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். அங்கத்தினர் அல்லாதவரை அனுமதிப்பார்களா? அங்கத்தினர் ஒருவர் அழைத்துச் செல்ல வேண்டுமா? ஒரு நாள் கட்டணம் என்ன? கோல்கள் வாடகைக்குக் கிடைக்குமா? எந்த உடை அணிய வேண்டும்? புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இடம் உண்டா? மைதானத்தின் அழகைக் காட்டிலும் இவற்றின் பதில்களே முக்கியமானவை. ஏனெனில் இந்த ஆட்டத்தில் கடத்தற்கரிய பள்ளம் மைதானத்துக்குள் இல்லை. அதன் வாசலில் இருக்கிறது.

இங்கேதான் கோவில்பட்டி நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. ஹாக்கியும் வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு வந்த ஆட்டமே. ஆனால் அது கொட்டடிக்குள் தங்கிவிடவில்லை. பள்ளிக்கூடத்துத் திடலுக்கு வந்தது. தீப்பெட்டித் தொழிலாளி வீட்டுப் பிள்ளையின் கையிலும் மட்டை ஏறியது. 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் பாரதம் தங்கப் பதக்கம் பெற்றது. சுதந்திரம் வந்தபின் 1948-இல் லண்டன் நகரத்திலேயே பிரிட்டிஷ் அணியை வென்று மறுபடி பெற்றது. இன்று கோவில்பட்டி என்றால் கடலை மிட்டாய்க்கு அடுத்தபடி ஹாக்கிதான் நினைவுக்கு வருகிறது.

கோல்ப் ஆட்டத்திலும் திறமை மாளிகையில் மட்டும் பிறப்பதில்லை. ஆட்டக்காரரின் கோல்பையைச் சுமந்து செல்பவருக்குக் 'கேடி' என்று பெயர். நம் போலீஸ் புத்தகத்தில் உள்ள கேடி அல்ல! டில்லியில் அப்படிப் பை சுமந்த அலி ஷேர் 1991-இல் இந்தியன் ஓபன் பந்தயத்தில் வென்று, 1993-இல் மீண்டும் வென்றார். பெங்களூரில் பை சுமந்த முனியப்பா 2009-இல் அதே பந்தயத்தில் வெற்றி பெற்றார். சுமக்க உள்ளே விட்ட கதவு, ஆடவும் திறந்ததால் கிடைத்த பலன் இது.

அதற்காகக் கரிசல் காட்டை அழித்துப் பசும்புல் வளர்க்க வேண்டும் என்று எவரும் சொல்லமாட்டார்கள். கம்புக்கும் பருத்திக்கும் வானத்தைப் பார்க்கிற பூமியில் குடிநீரைப் புல்லுக்கு இறைப்பது அநியாயம். வறண்ட இடங்களில் மணலோடு எண்ணெய் கலந்து இறுக்கிய தரையில் குழி அமைத்து ஆடியவர்கள் இந்தியாவிலேயே இருந்திருக்கிறார்கள். பழகுவதற்கு ஒரு பொட்டல் போதும். நாலைந்து கோல்களும் சொல்லித்தர ஒரு மனிதரும் வேண்டும். பழகிய பிள்ளைக்கு, இருக்கிற மைதானங்கள் மாதத்தில் ஒரு நாளாவது குறைந்த கட்டணத்தில் கதவு திறந்தால் போதும்.

பொது நிலத்தின்மேல் விரிந்த புல் எங்கே இருந்தாலும், அதில் ஓர் ஓரமாவது பொதுஜனங்களின் பிள்ளைகளுக்கு உரியது. கேட்டுப் பார்ப்பதில் குறைவில்லை. கேட்காமல் எந்தக் கதவும் திறந்ததாகச் சரித்திரம் இல்லை.