தேய்ந்த ஆயில் என்ஜின்: ரிங் போதுமா, லைனரும் மாற்ற வேண்டுமா?

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்துவிட்டால், கிணற்றை நம்பிய பயிர்களுக்கு முறை தவறாமல் தண்ணீர் இறைத்தாக வேண்டும். விவசாயத்திற்கு மின்சாரம் இலவசம் என்றாலும், மின் இணைப்புக்குக் காத்திருப்போருக்கு ஆயில் என்ஜினே துணை. பங்குனியில் என்ஜின் நின்றுபோனால் ஒரு வாரத்தில் பயிர் வாடிவிடும். அந்த அவசரத்தில் கையில் கிடைத்த ரிங்கை மாட்டி ஓட்டுவதும், தேவையில்லாமல் எல்லாப் பாகங்களையும் மாற்றுவதும் நஷ்டமே. ஆகவே மழைக்காலத்தில் என்ஜின் ஓய்வாக இருக்கும்போதே அதைச் சோதித்து, அளந்து பார்த்து முடிவு செய்வது நல்லது.

புகை சொல்லும் செய்தி

கரும்புகை வந்தால் என்ஜின் தேய்ந்துவிட்டது என்று கொள்ளக்கூடாது. காற்று வடிகட்டி அடைத்திருந்தாலும், நாசில் சரியாகப் பீச்சாவிட்டாலும், பம்பின் பளு அதிகமானாலும் கரும்புகை வரும். இவற்றைச் சரிசெய்ய என்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. நீலப்புகை வந்து மசகு எண்ணெயும் அடிக்கடி குறைந்தால், ரிங், லைனர் அல்லது வால்வு கைடு தேய்ந்திருக்கும். சூடேறிய பிறகும் வெண்புகை நிற்காவிட்டால், அமுக்கம் குறைந்திருக்கலாம். சிலிண்டருக்குள் தண்ணீர் கசியவும் கூடும்.

பிரிக்கும் முன் சோதனை

டீசல் வரத்தை நிறுத்திவிட்டு ஃபிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். அமுக்கம் நன்றாக இருந்தால் சக்கரம் எதிர்த்துத் தள்ளும். எதிர்ப்பு இல்லையென்றால் காற்று எங்கே சீறுகிறது என்று கவனிக்க வேண்டும். காற்று வடிகட்டியில் சீறினால் உள்வாங்கும் வால்விலும், சைலன்சரில் சீறினால் வெளியேற்றும் வால்விலும் கசிவு. எண்ணெய் ஊற்றும் துவாரத்தில் சீறினால் ரிங், லைனர் பக்கம் குறை.

இதை உறுதிசெய்ய, இன்ஜெக்டரைக் கழற்றி அந்தத் துவாரம் வழியே இரண்டு தேக்கரண்டி மசகு எண்ணெய் விட்டு, இன்ஜெக்டரைத் திரும்ப மாட்டிச் சுற்றிப் பார்க்கலாம். அமுக்கம் கூடினால் தேய்மானம் ரிங்கிலும் லைனரிலும் உள்ளது. கூடாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கட்டையோ பார்க்க வேண்டும். எண்ணெயை இந்த அளவுக்கு மேல் ஊற்றலாகாது. வால்வில் மட்டும் குறை என்றால், கரியைச் சுரண்டி வால்வைத் தேய்த்துப் பொருத்தினாலே போதும்.

லைனரை அளக்கும் எளிய முறை

1500 சுற்றில் ஓடும் என்ஜினில், ஆறு மணி நேரத்தில் பிஸ்டன் 5 லட்சத்து 40 ஆயிரம் முறை மேலே போய் வருகிறது. இதனால் ஏற்படும் தேய்மானம் லைனர் முழுவதும் ஒரே அளவாக இராது. மேல் ரிங் வந்து திரும்பும் இடத்தில்தான் மிக அதிகம். அதற்கு மேலே ரிங் உரசாத இடம் ஒரு வரம்பு போல நின்றுவிடும். அத்தகைய லைனரில் புது ரிங் போட்டால் அது வரம்பில் இடித்து முறியலாம். முறியாவிட்டாலும், மேலே அகன்றும் கீழே குறுகியும் உள்ள துவாரத்தில் சரியாகப் படியாது. சில மாதங்களில் பழைய புகையே திரும்பும்.

இந்தத் தேய்மானத்தை ஃபீலர் கேஜ் கொண்டே ஏறக்குறைய அறியலாம். ஒரு ரிங்கை லைனரின் அடியில், தேயாத இடத்தில் சாயாமல் வைத்து, அதன் இரு முனைகளுக்கு இடையிலுள்ள இடைவெளியை அளக்க வேண்டும். பிறகு அதே ரிங்கை மேல் ரிங் திரும்பும் இடத்தில் வைத்து அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14 ஆல் வகுத்தால் லைனரின் விட்டத்தில் எவ்வளவு தேய்ந்துள்ளது என்பது தெரியும். உதாரணமாக, அடியில் 0.35 மி.மீ., மேலே 0.95 மி.மீ. என்றால் வித்தியாசம் 0.60, தேய்மானம் சுமார் 0.19 மி.மீ. ஆகும்.

இந்த அளவை என்ஜினுடன் தந்த கையேட்டிலுள்ள வரம்புடன் ஒப்பிட வேண்டும். வரம்புக்குள் நன்றாக இருந்தால் ரிங் மட்டும் மாற்றலாம். வரம்பை எட்டியிருந்தால் லைனர், பிஸ்டன், ரிங் மூன்றையும் செட்டாக மாற்றுவதே சிக்கனம்.

கிராங்க் ஷாப்ட்

கனெக்டிங் ராடு பேரிங்கில் மேல்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தால் அதை மாற்ற வேண்டும். அதற்கு முன் கிராங்க் பின்னைப் பட்டறையில் மைக்ரோமீட்டரால் இரு திசைகளிலும் அளக்கச் சொல்வது அவசியம். பின் வட்டம் கெட்டிருந்தால், புது பேரிங் நெடுநாள் நிற்காது. பின்னைச் சாணை பிடித்து 0.25 அல்லது 0.50 மி.மீ. குறைத்து, அதற்கேற்ற பேரிங் போட வேண்டும். ஏற்கெனவே பலமுறை சாணை பிடித்த கிராங்கும், வெடிப்பு விட்ட பிளாக்கும் இருந்தால் அந்த என்ஜினுக்குப் பெரும் செலவு செய்வது வீண்.

செலவா, சிக்கனமா?

நல்ல நிலையிலுள்ள 5 குதிரைசக்தி என்ஜின் முழுப் பளுவில் மணிக்கு சுமார் 1.1 லிட்டர் டீசல் குடிக்கும். தொட்டியில் குறி வைத்து ஒரு மணி நேரம் ஓட்டி, குறைந்ததை அளந்து ஊற்றினால் உண்மை தெரியும். மணிக்குக் கால் லிட்டர் வீணானால், நாளைக்கு ஆறு மணி வீதம் 100 நாளில் 150 லிட்டர் போய்விடும். அந்தத் தொகையையும், பழுது பார்க்கும் செலவையும், புது என்ஜின் விலையையும் வரிசையாக எழுதிப் பார்த்தால் எது லாபம் என்பது விளங்கும்.

பழுது பார்த்த பிறகு

புது ரிங் படியும் வரை, முதல் சில மணி நேரம் டெலிவரி வால்வைச் சற்று மூடிக் குறைந்த பளுவில் ஓட்ட வேண்டும். 50 மணி ஓடியதும் மசகு எண்ணெயை மாற்றிவிடுவது நல்லது. தண்ணீர் கூடுதலாக வரட்டும் என்று வேகத்தை ஏற்றக்கூடாது. வேகம் 10 சதவிகிதம் கூடினால் பம்பு கேட்கும் சக்தி 33 சதவிகிதம் கூடும்.

கிணற்று நீரை அளவுக்கு மீறி என்ஜினுக்குள் விட்டுக் குளிரவைப்பதும் லைனரை அரிக்கும். வெளியேறும் தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் இருக்கட்டும். காற்று வடிகட்டியின் எண்ணெயை மாற்றிவந்தால் புழுதி உள்ளே போகாது. புது லைனருக்குப் புழுதியே முதல் பகை.